ஓட்டல் கிரேவி வீட்டில்: பேஸ் செய்து ஃப்ரீசரில் அடுக்குவது வேலைக்கு ஆகுமா?

வெங்காயத்தோல்:
“எல்லாம் அளவாப் போட்டும் ஓட்டல் கிரேவி மாதிரி வரலையே” என்ற கேள்வி மாதம் ஒருமுறை இந்தச் சமையல் குழுவில் வந்துவிடுகிறது. ஆளுக்கொரு ரகசியப் பொருள் சொல்கிறார்கள்: கஸூரி மேத்தி (காய்ந்த வெந்தயக்கீரை), பால் பவுடர், தக்காளி சாஸ். பொருளில் ரகசியம் ஒன்றும் கிடையாது. ஆர்டர் கொடுத்துப் பத்து நிமிடத்தில் தட்டு மேசைக்கு வருகிறதென்றால், வெங்காயம் காலையிலேயே வதங்கி முடிந்துவிட்டது என்று அர்த்தம். வீட்டிலும் அதையே செய்யலாம், பேஸ், அதாவது கிரேவிக்கு அடிப்படையான வதக்கிய மசாலாவை, முன்பே செய்து வைக்கலாம் என்பது என் கட்சி.

அளவு: பெரிய வெங்காயம் 1 கிலோ, எண்ணெய் 150 மி.லி., இஞ்சி பூண்டு விழுது 60 கிராம் (பூண்டு இரண்டு பங்கு, இஞ்சி ஒரு பங்கு), தக்காளி 750 கிராம், காஷ்மீரி மிளகாய்த்தூள் 2 மேசைக்கரண்டி, மல்லித்தூள் 3 மேசைக்கரண்டி, மஞ்சள்தூள் 1 தேக்கரண்டி, உப்பு 2 தேக்கரண்டி.

அகலமான, அடிகனமான பாத்திரம். வெங்காயத்தோடு பாதி உப்பைச் சேர்த்து முதல் 15 நிமிடம் நடுத்தரத்துக்குச் சற்றே மேலான தீ. வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். அது வற்றும்வரை என்ன கிளறினாலும் நிறம் ஏறாது. வற்றியதும் தீயைக் குறைத்து இன்னும் 20–25 நிமிடம். அடி பிடித்தால் பதறாமல் 2 மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்துச் சுரண்டுங்கள், அந்தப் பழுப்புதான் ருசி. பிறகு விழுது, 3 நிமிடம். தூள்களை அரை டம்ளர் தண்ணீரில் குழைத்து ஊற்றுங்கள். நேரே சூடான எண்ணெயில் கொட்டினால் மிளகாய்த்தூள் சில நொடிகளில் கருகும், அந்தக் கசப்பை எதுவும் மீட்காது. அப்புறம் அரைத்த தக்காளியும் மிச்ச உப்பும், எண்ணெய் ஓரத்தில் பிரியும்வரை சுமார் 20 நிமிடம். ஆறியதும் அரைத்தால் 800 முதல் 900 கிராம் தேறும். 120 கிராம் பொட்டலமாகக் கட்டி ஃப்ரீசரில் வைத்தால், ஒரு பொட்டலம் இரண்டு பேருக்குச் சரி.

அம்மிக்கல்:
ஒரே வகைப் பொட்டலத்தைப் பிரித்து திங்கட்கிழமை பன்னீர், புதன்கிழமை கோழி, வெள்ளிக்கிழமை முட்டை. மூன்று நாளும் ஒரே குழம்பு, உள்ளே கிடக்கும் துண்டு மட்டும் வேறு. ஓட்டலின் பலவீனத்தைப் போய் வீட்டுக்கு இறக்குமதி செய்வானேன்?

சந்தேகம் இருந்தால் அடுத்த முறை வட இந்திய மெனு வைத்திருக்கும் சாதாரண ஓட்டலில் பன்னீர் பட்டர் மசாலாவும் கடாய் பன்னீரும் சேர்த்து வாங்குங்கள். துண்டை ஒதுக்கிவிட்டு கிரேவியை மட்டும் ரொட்டியில் தொட்டுப் பாருங்கள். ஒன்றில் வெண்ணெயும் கிரீமும், மற்றதில் குடைமிளகாயும் இடித்த மல்லிவிதையும். அடியில் ஓடுவது ஒரே சுவை என்றால் சமையற்கட்டின் வேலை அவ்வளவுதான். நல்ல சமையற்கட்டில் குறைந்தது மூன்று வைத்திருப்பார்கள்: தக்காளி, வெண்ணெய், முந்திரியில் மக்கனி, வெங்காயம் சிவந்த பழுப்பு கிரேவி, வெங்காயத்தை வேகவைத்து முந்திரியோடு அரைத்த வெள்ளை கிரேவி. நீங்கள் சொன்னது இரண்டாவது மட்டும்தான். அதில் வெண்ணெயைப் போட்டால் மக்கனி ஆகிவிடாது.

அதைவிட, அரை கிலோ கோழிக்கு அன்றைக்கே வறுத்து அரைப்பது எவ்வளவு நேரம்? காய்ந்த மிளகாய் 6, மல்லிவிதை ஒன்றரை மேசைக்கரண்டி, சோம்பு 1 தேக்கரண்டி, மிளகு முக்கால் தேக்கரண்டி, சீரகம் அரை தேக்கரண்டி, கல்பாசி ஒரு சிட்டிகை, அன்னாசிப்பூ பாதி, தேங்காய்த்துருவல் கால் கப். தனித்தனியாக வறுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் மல்லி சிவப்பதற்குள் சீரகம் கருகிவிடும். கல்பாசி ஒரு சிட்டிகை தாண்டினால் மண்வாடை. 150 கிராம் சின்ன வெங்காயம், 4 மேசைக்கரண்டி நல்லெண்ணெய், மொத்தம் 40 நிமிடம். இந்த மணம் எந்த ஃப்ரீசர் பொட்டலத்திலும் வராது.

தேம்ஸ்கரை:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். இங்கிலாந்தில் கறி ஹவுஸ் எனப்படும் இந்திய பாணி ஓட்டல்களில் ‘பேஸ்’ என்று சொல்வது வெங்காயத்தோல் சொன்ன கெட்டி மசாலா அல்ல. கிட்டத்தட்ட நேரெதிர். அங்கே வெங்காயத்தைச் சிவக்க விடுவதே இல்லை.

1 கிலோ வெங்காயம், ஒரு கேரட், பாதி குடைமிளகாய், 2 தக்காளி, 50 கிராம் பூண்டு, 30 கிராம் இஞ்சி, 100 மி.லி. எண்ணெய், கொஞ்சம் மஞ்சளும் மல்லித்தூளும். மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு, மூடிபோட்டு ஒரு மணி நேரம் மெதுவாகக் கொதிக்க வைத்து, மைய அரைத்து, பால் பதத்துக்குத் தண்ணீர் சேர்ப்பார்கள். தனியாகக் குடித்தால் சப்பென்று காய்கறி சூப் மாதிரி இருக்கும். சுவையே இரண்டாம் கட்டத்தில்தான் பிறக்கிறது. மெல்லிய அலுமினியத் தவாவில் 3 மேசைக்கரண்டி எண்ணெய், 1 தேக்கரண்டி இஞ்சி பூண்டு, மசாலாத் தூள் கலவை, தண்ணீரில் கரைத்த தக்காளி விழுது. அதன்மேல் கொதிக்கும் பேஸ் 300 மி.லி., மூன்று தடவையாக, முழுத் தீயில். ஒவ்வொரு தடவையும் ஓரத்தில் ஒட்டிக் காய்வதைச் சுரண்டி உள்ளே தள்ள வேண்டும். ஆறிய பேஸை ஊற்றினால் சட்டியின் சூடு இறங்கிவிடும், பிறகு அது வெறும் கொதிப்புதான்.

அம்மிக்கல்:
தேம்ஸ்கரை, உங்கள் பதிவு என் வாதத்துக்குத்தான் சாட்சி. ஒரே பேஸில் எல்லாம் செய்யத் தொடங்கியதன் விளைவு என்ன? குருமா, மெட்ராஸ், விண்டாலு என்று காரத்தின் மூன்று படிக்கட்டுகள். விண்டாலு கோவாவில் வினிகரும் பூண்டும் ஊறிய பன்றிக்கறி. அந்த மெனுவிலோ ‘ரொம்பக் காரம்’ என்பதற்கு மறுபெயர். ‘மெட்ராஸ் கறி’ என்று சென்னையில் கேட்டால் எந்தச் சர்வரும் திருதிருவென்று முழிப்பார். நமக்குக் கறி என்றால் இறைச்சி, இல்லையென்றால் பொரியல். அவர்களுக்கு மிதப்பதெல்லாம் கறி.

தேம்ஸ்கரை:
பெயர் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைக் கெட்டுப்போன இந்தியச் சமையல் என்று பார்ப்பது தவறு. அந்தக் கடைகளில் பெரும்பாலானவற்றை நடத்தியது வங்கதேசத்தின் சில்ஹெட் பகுதிக்காரர்கள். சின்ன சமையற்கட்டு, குறைந்த ஆட்கள், இரவு கூட்டமாக வந்து விழும் வாடிக்கையாளர்கள். அதற்குத் தோதான முறை அது. சொந்த இலக்கணம் உள்ள தனி உணவு.

சட்டிசூடு:
எல்லாரும் மசாலாவையே பேசுறீங்க, அடுப்பை யாரும் பேசல. வீட்டு கேஸ் ரெகுலேட்டர் தர்ற அழுத்தம் ரொம்பக் குறைவு. ஓட்டல்ல ஹைபிரஷர் பர்னர், தீ சட்டியோட தோள் வரைக்கும் ஏறும். பழுப்புச் சுவை வரணும்னா பரப்பு 140 டிகிரிக்கு மேல போகணும். தண்ணி இருக்கிறவரை 100-ஐத் தாண்டாது. ஓட்டல்ல அந்தத் தண்ணி ஒரு நிமிஷத்துல பறந்துடும். வீட்ல நாலு பேருக்கான கிரேவியை ஒரே சட்டியில ஊத்துனா அது வேகுதே ஒழிய வறுபடல.

அதனால வீட்ல தேம்ஸ்கரை முறை செய்யணும்னா ஒரு தடவைக்கு ஒரு ஆள் அளவு, அதுக்கு மேல வேண்டாம். 26 செ.மீ. அகலச் சட்டி, நான்ஸ்டிக் கூடாது. ஒட்டுனாத்தானே சுரண்ட முடியும். இரும்புச் சட்டியும் இதுக்கு வேண்டாம், தக்காளியோ புளியோ அதுல நேரம் கொதிச்சா கறுத்து இரும்பு வாடை அடிக்கும். அடிகனமான ஸ்டீல் போதும்.

இன்னொன்னு, நிறைய பேருக்கு கிரேவி கசக்கிறதுக்குக் காரணம் மிளகாய்த்தூள் இல்ல, பச்சை வெங்காயத்தை மிக்ஸியில அரைக்கிறது. அரைச்சு வச்சாலே அதோட கந்தகச் சத்து கிளம்பிக் கசப்பும் நெடியும் ஏறும். வதக்கியோ வேகவச்சோதான் அரைக்கணும்.

கொத்துபரோட்டா:
நாலு பேரும் வடக்கையும் மேற்கையும் சுத்தி வந்துட்டீங்க. நம்ம ஊர்ல ஓட்டல் ருசின்னா முதல்ல சால்னா. அதுல பேஸும் கிடையாது, வெங்காயம் சிவக்கிறதும் கிடையாது. அப்படியும் வீட்ல வரமாட்டேங்குதே, அதுக்கு என்ன சொல்றீங்க?

சட்டிசூடு:
சால்னால ரெண்டு தப்பு நடக்குது. ஒன்னு, கெட்டியா வைக்கிறாங்க. பரோட்டா ஊறணும், அதனால தண்ணியாத்தான் இருக்கணும். நாலு பேருக்கு தண்ணி மட்டும் 1 லிட்டர். ரெண்டாவது, தேங்காய் விழுது போட்டு ரெண்டு கொதியில இறக்கிடறாங்க.

தேங்காய் அரை கப், சோம்பு 1 தேக்கரண்டி, கசகசா 1 தேக்கரண்டி, முந்திரி 5, பொட்டுக்கடலை 1 மேசைக்கரண்டி, வெண்ணெய் மாதிரி அரைக்கணும். திப்பி இருந்தா அடியில மண்டும். 4 மேசைக்கரண்டி எண்ணெய்ல பட்டை, கிராம்பு, ஏலக்காய், கல்பாசி. வெங்காயம் 2, பச்சை மிளகாய் 3, இஞ்சி பூண்டு விழுது 1 மேசைக்கரண்டி, தக்காளி 3, ஒரு கைப்பிடி புதினா மல்லி. மிளகாய்த்தூள் ஒன்றரை தேக்கரண்டி, மல்லித்தூள் ரெண்டரை. தண்ணி ஊத்தி 15 நிமிஷம் கொதிச்ச பிறகுதான் விழுது, அதுக்கப்புறம் இன்னும் 10 நிமிஷம். மேல எண்ணெய் மிதக்கணும். கடையில கோழி, ஆட்டு எலும்பு வெந்த தண்ணி இதுல கலக்கும். வீட்ல சைவமா வச்சுட்டு அந்த ருசியைத் தேடுனா எப்படி வரும்?

ஐக்கிய அரபு அமீரகத்துல இருக்கிறவங்க கசகசாவை மறந்துடுங்க, அங்க அது தடைசெய்யப்பட்ட பொருள். முந்திரியை 10 ஆக்குங்க, போதும்.

வெங்காயத்தோல்:
அம்மிக்கல்லுக்குப் பதில். “மூன்று நாளும் ஒரே குழம்பு” என்பது பொட்டலத்தின் குற்றம் இல்லை, பிரித்த பிறகு செய்யும் வேலையின் குற்றம். கோழியென்றால் தாளிப்பில் மிளகும் கறிவேப்பிலையும் போட்டு, பொட்டலத்தோடு நீங்கள் வறுத்து அரைத்த பொடியே 2 தேக்கரண்டி. முட்டையென்றால் சோம்புத்தூளும் கொஞ்சம் தேங்காய்ப்பாலும். பன்னீருக்கு 20 கிராம் வெண்ணெய், 2 மேசைக்கரண்டி கிரீம், வெறும் சட்டியில் அரை நிமிடம் சூடாக்கிக் கசக்கிய கஸூரி மேத்தி அரை தேக்கரண்டி. ஒரு தேக்கரண்டி போட்டால் கசக்கும்.

அதோடு நேரக்கணக்கு. உங்கள் 40 நிமிடம் ஒவ்வொரு முறையும் 40 நிமிடம். என் ஒன்றரை மணி நேரம் ஏழு முறைக்கு.

அம்மிக்கல்:
கணக்கு சரி. ஆனால் எதைச் சேமிக்கிறோம் என்பதில் பிழை இருக்கிறது. நேரத்தை விழுங்குவது வெங்காயம் மட்டுமே, 40 நிமிடம். தக்காளிக்கும் தூளுக்கும் அப்படி ஒன்றும் ஆகாது. இருந்தும் தூளை ஒருமுறை வேகவைத்து, அரைத்து, உறையவைத்து, மறுபடி கொதிக்கவைக்கிறீர்கள். கடைசியில் மிஞ்சுவது நிறமும் காரமும்தான், மணம் போய்விடும். தக்காளியை முன்பே சேர்த்துவிட்டால் புளிப்பும் நிலைத்துவிடும், தேங்காய்ப்பால் குழம்புக்கு அது ஒத்துவராது.

வெறும் சிவந்த வெங்காயத்தை மட்டும் எண்ணெயோடு உறையவைத்தால் அதை நானே வாங்கிக்கொள்வேன். 1 கிலோ வதக்கினால் 300 கிராம் சுமார் வரும். 50 கிராம் உருண்டையாக வையுங்கள். எந்தக் குழம்புக்கும் போகும், வட இந்தியக் கிரேவி, செட்டிநாடு, பிரியாணி எதுவானாலும்.

வெங்காயத்தோல்:
வெங்காயம் மட்டும் என்பதை ஏற்கிறேன், வார நாளில் தக்காளி வதங்கும் 12 நிமிடத்தையும் பொறுக்க முடிகிறவர்களுக்கு. என்னுடைய முழுப் பொட்டலம் அந்த 12 நிமிடமும் இல்லாதவர்களுக்கு. மல்லித்தூளில் பாதியைக் கடைசியில் சேர்த்தால் மணக் குறையும் பாதி சரியாகும்.

கொத்துபரோட்டா:
ஓட்டல் சிவப்பு நிறம் எப்படி வருதுன்னு யாரும் சொல்லலையே. கலர் பொடியா?

தேம்ஸ்கரை:
காஷ்மீரி அல்லது பியாட்கி மிளகாய், காரம் குறைவு, நிறம் அதிகம். சூடான எண்ணெயில்தான் அந்த நிறம் இறங்கும், எனவே குழைத்த தூளை எண்ணெய் தெளியும்வரை வதக்க வேண்டும். செயற்கை நிறமி போடும் கடைகளும் உண்டு. கர்நாடகத்தில் 2024 மார்ச்சில் கோபி மஞ்சூரியனுக்கும், ஜூனில் கபாப் வகைகளுக்கும் செயற்கை நிறமியைத் தடைசெய்தது அதனால்தான். தட்டின் ஓரத்தில் கிரேவி வழிந்த இடத்தைத் துடைத்த பிறகும் இளஞ்சிவப்புக் கறை நின்றால் சந்தேகப்படலாம். மிளகாய் நிறம் எண்ணெயோடு ஆரஞ்சாக ஒட்டும், சோப்புக்குப் போய்விடும்.

கொத்துபரோட்டா:
கடைசியா ஒன்னு. முந்திரி போட்ட வெள்ளை கிரேவியை உறைய வச்சு எடுத்தா தயிர் திரிஞ்ச மாதிரி ஆகுது. தூக்கிப் போடணுமா?

சட்டிசூடு:
வேண்டாம், கெட்டுப்போகல. உறையும்போது தண்ணி தனியாப் பிரிஞ்சிருக்கும், அவ்வளவுதான். ஃப்ரிட்ஜ்ல இளக விட்டு, 2 மேசைக்கரண்டி வெந்நீர் சேர்த்து மிக்ஸியில ஒரு சுத்து, அப்புறம் குறைஞ்ச தீ. தயிர், கிரீம் சேர்க்கிற கிரேவின்னா அதுகளைச் சேர்க்காம உறைய வச்சு, சூடாக்கும்போது சேருங்க. தயிர் ஒரு கப்புக்கு 1 தேக்கரண்டி கடலைமாவு கலந்து அடிச்சு ஊத்துனா திரியாது.

கொதிக்கிற பாத்திரத்தை அப்படியே ஃப்ரீசர்ல தள்ளாதீங்க, பக்கத்துல இருக்கிறதையும் இளக்கிடும். ராத்திரி முழுக்க மேடையில ஆற விடுறதும் தப்பு. அகலத் தட்டுல பரத்தி, தட்டைத் தண்ணியில வச்சு, 2 மணி நேரத்துக்குள்ள உள்ளே போகணும். ஃப்ரிட்ஜ்ல 3 நாள், ஃப்ரீசர்ல 2 மாசம். பொட்டலத்துல தேதி எழுதுங்க. உறைஞ்ச பிறகு வெள்ளை கிரேவியும் இட்லி மாவும் ஒரே மாதிரிதான் இருக்கும்.