வைகை முகத்துவாரம் பற்றிப் பழைய தகவல் வேண்டும்

வணக்கம் உறவுகளே. நான் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆற்றங்கரை என்கிற ஊர்ப் பக்கம். வைகை கடலில் சேரும் எங்கள் முகத்துவாரத்துக்காகக் கிராம சபையில் மனு கொடுக்கப் போகிறோம். உங்கள் உதவி வேண்டும்.

1959-இல் ஆண்டிபட்டிப் பக்கம் வைகை அணை திறந்தார்கள். பாசனத்துக்கும் மதுரைக் குடிநீருக்கும் அது அவசியம்தான், மறுக்கவில்லை. ஆனால் வழியில் உள்ள கண்மாய்களும் ராமநாதபுரம் பெரிய கண்மாயும் நிரம்பினால்தான் மிச்சத் தண்ணீர் இங்கே வரும். வராவிட்டால் கழிமுகத்தில் உப்பு ஏறிவிடும். இறால் குஞ்சும் மடவைக் குஞ்சும் வளர்வது நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலக்கிற இடத்தில். வண்டல் அணையிலேயே தங்கிவிடுகிறது. அலை ஒதுக்கும் மணலைத் தள்ளிவிட வெள்ளமும் இல்லாவிட்டால் வாய் அடைபடும். கரையோரம் சின்ன வலை போட்டுப் பிழைப்பவர்களுக்குத்தான் முதல் அடி. கண்மாய் வறண்டால் சக்கரக்கோட்டைப் பறவைகள் சரணாலயத்துக்கு வரும் பறவைகளுக்கும் இரை கிடையாது.

அணைக்கு முந்தைய முகத்துவாரத்தைப் பார்த்த தாத்தா, அப்பத்தா வீட்டில் இருந்தால் அவர்கள் சொல்வதைக் குரல் பதிவாக அனுப்புங்கள். அப்போது என்ன மீன் கிடைத்தது, எந்த மாதம் வெள்ளம் வந்தது என்று கேளுங்கள். பழைய படம் இருந்தாலும் சரி. அப்புறம், அணை நீர் திறப்புக் கணக்கைத் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கியவர்கள் யாராவது உண்டா? மனுவை எப்படி எழுதினீர்கள் என்று சொன்னால் போதும். தண்ணீரின் உப்பளவு பார்க்கும் கருவி வைத்திருப்பவர்கள் கொஞ்ச நாள் இரவல் தர முடியுமா?