விட்பியில் உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதா, பொட்டலம் வாங்குவதா?

லெஸ்டர்_செல்வி:
ஆகஸ்ட் கடைசி வாரம் விட்பிக்கு (இங்கிலாந்துல யார்க்‌ஷயர் கடற்கரை ஊர்) மூணு நாள் போறோம். ஊர்லேர்ந்து அம்மா அப்பா வந்திருக்காங்க. அம்மா மீன் சாப்பிடுவாங்க, மாட்டுக்கறி பக்கமே போக மாட்டாங்க. அப்பாவுக்கு முட்டிவலி, வரிசையில ரொம்ப நேரம் நிக்க முடியாது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு உணவகத்துல மேசை பதிஞ்சிடலாமா, இல்ல பொரிச்ச மீனும் சிப்ஸும் பொட்டலமா வாங்கித் துறைமுகத்துல உட்கார்ந்து சாப்பிட்டாலே போதுமா?

கரையோரன்:
பொட்டலமே போதும். உள்ளே வாங்கற காசு ஜன்னலுக்கு, மீனுக்கு இல்ல. அதே சட்டி, அதே ஹாடக் மீன். உட்கார்ந்தா ஒரு பீங்கான் தட்டும் எலுமிச்சைத் துண்டும் கூட வரும். போன கோடையில ஒரு கடையில (பேர் வேணாம்) முக்கால் மணி நேரம் காக்க வச்சு ஆறின சிப்ஸ் கொடுத்தாங்க. பில்லுல சேவைக் கட்டணம் வேற. வெளியே வாங்கினா கண்ணெதிர்ல பொரிச்சுத் தருவான். கேட்டா மாவுத் துணுக்கு, அதான் 'ஸ்க்ராப்ஸ்', பல கடையில சும்மாவே மேலே தூவுவான்.

நண்டுக்காரி:
தம்பி, விட்பிக்குப் போய் ஹாடக்கை மட்டும் திண்டுபோட்டு ஊரைக் குறை சொல்லுறியள். இந்த நாட்டுக் கடையளில விக்கிற காட், ஹாடக் மீனில பெரும்பகுதி நோர்வே, ஐஸ்லாந்துப் பக்கத்தால வாறது. கனக்க மீன் கப்பலிலேயே வெட்டி உறைய வைச்சதுதான். லெஸ்டரிலயும் அதைத்தான் பொரிக்கினம். விட்பி வள்ளங்கள் இறக்கிறது முக்கியமா நண்டும் சிங்கறாலும். நான் வல்வெட்டித்துறையில பிறந்து வளந்தனான், நண்டு எனக்குத் தெரியும். அதைக் கடற்காத்துக்குள்ள மடியில வைச்சு உடைக்கேலுமோ? மேசை வேணும், குறடு வேணும், கை கழுவத் தண்ணி வேணும்.

கரையோரன்:
அக்கா, மீன் எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்னா அதுக்கு எதுக்கு உணவக விலை? என் கட்சிக்குத்தானே சாட்சி சொல்றீங்க! வரியையும் பாருங்க. உள்ளே சாப்பிட்டா 20 சதவீதம், வெளியே எடுத்துட்டுப் போனா கிடையாது.

அடுப்படி_ஆள்:
கிழக்குக் கடற்கரையில ஒரு உணவகச் சமையலறையில வேலை பார்க்கறவன் நான். ஒருதலையாப் பேசறேன்னு வேணா வச்சுக்கோங்க.

வரிக் கணக்கு அப்படியில்ல. சூடா வாங்கற பொட்டலத்துக்கும் அதே 20 சதவீதம்தான். ஆறின பண்டத்தை எடுத்துட்டுப் போனாத்தான் வரி இல்ல. நண்டு சாண்ட்விச் அந்த வகை. உள்ளே விலை கூடறது ஆளுக்கும் இடத்துக்கும். ஜனவரியில அந்தத் தெருக்கள்ல ஈ காக்கா இருக்காது, வாடகை மட்டும் பன்னெண்டு மாசமும் உண்டு. சேவைக் கட்டணம் 'விருப்பப்பட்டால்'னு போட்டிருந்தா எடுக்கச் சொல்லலாம், யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க. கொடுத்தீங்கன்னா, 2024 அக்டோபர் 1-லேர்ந்து அது முழுக்க வேலையாட்களுக்கே போகணும்னு சட்டம்.

ஆனா செல்வி கேட்டதுல முக்கியமானதை ரெண்டு பேருமே விட்டுட்டீங்க. அம்மா மாடு சாப்பிட மாட்டாங்க இல்லையா? யார்க்‌ஷயர்ல மீன் பொரிக்கறது பரம்பரையா மாட்டுக் கொழுப்புல. 'பீஃப் ட்ரிப்பிங்'னு பலகையில பெருமையாவே எழுதி வச்சிருப்பாங்க. தெற்கே பெரும்பாலும் தாவர எண்ணெய்ங்கறதால லண்டன்லேர்ந்து வர்றவங்களுக்கு இது தோணவே தோணாது. மீன் வேண்டாம், சிப்ஸ் மட்டும் போதும்னு சொன்னாலும் தப்ப முடியாது, அதுவும் அந்தக் கொழுப்புலதான் வேகும்.

லெஸ்டர்_செல்வி:
ஐயோ. போன தடவை இதே யார்க்‌ஷயர் கரையில ஸ்கார்பரோவுல எல்லாரும் சிப்ஸ் சாப்பிட்டோமே. அம்மாகிட்ட சொல்லப் போறதில்ல.

நண்டுக்காரி:
சொல்லாதேங்கோ பிள்ளை. இனிக் கேட்டு வாங்குங்கோ. இதுக்குத்தான் மேசை எண்டு சொல்லுறன். ஆறுதலா இருந்து, எந்த எண்ணெய், தனிச் சட்டி இருக்கோ எண்டு கேக்கலாம். பொட்டலக் கடை வரிசையில பின்னால இருபது பேர் நிக்கேக்க அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கோ. அம்மாவுக்கு அவிச்ச நண்டு, கிரில்லில வாட்டின மீன், சட்டியில அவிச்ச மட்டி. வெண்ணெய் போடுவினம், அது பரவாயில்லைத்தானே?

கரையோரன்:
கேள்வி கேக்க மேசை எதுக்கு? மத்தியானம் மூணு மணிக்குப் போனா வரிசையே குறைவு. எண்ணெய் பயமே வேணாம்னா விட்பியில ஆத்தோட கிழக்குக் கரையில ஹென்றியெட்டா ஸ்ட்ரீட்டுக்குப் போங்க. ஃபார்ச்சூன்ஸ்னு சின்னக் கடை, 1872-லேர்ந்து ஹெரிங் மீனைப் புகை போட்டு கிப்பர் விக்கறாங்க. வாங்கிட்டு வந்து தங்கற வீட்டுலயே சூடு பண்ணிக்கலாம். நண்டையும் சாண்ட்விச்சா வரியில்லாம வாங்கலாம்னு அடுப்படியாரே சொல்லிட்டார். அக்காவோட மேசை இப்ப எங்க நிக்குது?

நண்டுக்காரி:
பாணுக்குள்ள மயோனைஸ் போட்டுப் பூசினது உங்களுக்கு நண்டோ! கிப்பரை விடுமுறை வீட்டில சுட்டுப் பாருங்கோ, வைப்புப் பணம் திரும்பி வராது. மூண்டு நாளைக்கு மணம் போகாது.

அடுப்படி_ஆள்:
கிப்பர் விஷயத்துல அக்கா சொல்றது சரி. ஜன்னலைத் திறந்து வச்சாலும் பிரயோஜனமில்ல.

செல்வி, உறைய வச்ச மீன்னு முகம் சுளிக்காதீங்க. பிடிச்ச சில மணி நேரத்துலயே உறைய வச்சது, ரெண்டு நாள் ஐஸ்ல கிடந்த 'புது' மீனைவிட நல்லாவே இருக்கும். கடை வாசல்ல சுகாதார மதிப்பெண் ஒட்டியிருக்கான்னு பாருங்க, அஞ்சுக்கு எத்தனைன்னு. இங்கிலாந்துல அதை ஒட்டணும்னு கட்டாயமில்ல (வேல்ஸ்ல கட்டாயம்), அதனால ஒட்டாதவங்களோடதை உணவுத் தர முகமையோட தளத்துல தேடிக்கலாம். மேக்பை மாதிரி பேர்போன இடங்கள்ல ஆகஸ்ட்ல வரிசை தெருவுக்கு வரும், அப்பாவுக்கு ஆகாது. மேசை பதிவு எடுக்கற கடையாப் பார்த்து இப்பவே சொல்லி வைங்க. பல சமையலறை ராத்திரி எட்டரைக்கே மூடிடும், நம்ம ஊர் வழக்கப்படி ஒன்பது மணிக்குக் கிளம்பினா பட்டினிதான். துறைமுகத்துல உட்கார்ந்து சாப்பிட்டா பொட்டலத்தைக் கையால மூடிக்கோங்க. 'ஹெரிங் கல்'ங்கற கடற்காகம் தோள் மேலால வந்து பிடுங்கும், அதுக்குச் சட்டப் பாதுகாப்பு வேற இருக்கு.

கரையோரன்:
கொள்ளைக்காரனுக்குச் சட்டப் பாதுகாப்பு. அந்த ஊர் உணவகங்களும் அப்படித்தான்.

லெஸ்டர்_செல்வி:
நாலஞ்சு இடத்துக்குப் போன் பண்ணிட்டேன். தாவர எண்ணெய்ல தனிச் சட்டி இருக்கற ஒரு கடை அகப்பட்டுச்சு, நண்டும் உண்டாம். வியாழக்கிழமைக்குச் சாயங்காலம் அஞ்சு மணி மேசை மட்டும்தான் பாக்கி.

கரையோரன்:
அஞ்சு மணிக்கா? அது டீ குடிக்கற நேரம்ங்க.

நண்டுக்காரி:
பதிஞ்சு போடுங்கோ பிள்ளை. ஊரில பொழுது சாயமுந்தியே சாப்பிட்டு முடிச்ச ஆக்கள்தானே அம்மா அப்பா. கரையோரன் தம்பியும் வெள்ளிக்கிழமைக்கு ஒரு பொட்டலம் வாங்கித் தரட்டும், எண்ணெயைக் கேட்டு.