மாஸ் கெப்பாசிட்டர்: சூட்டில் பயஸ் கொடுத்தால் சி-வி வளைவு நகர்கிறது

கேள்வி:
மாஸ் கெப்பாசிட்டர் (உலோகம்-ஆக்ஸைடு-சிலிக்கான் அடுக்கு மின்தேக்கி) செய்து சி-வி வளைவு (வோல்ட்டுக்கு ஏற்ப மின்தேக்குதிறன்) எடுத்தேன். பி-வகை சிலிக்கான், 100 நானோமீட்டர் உலர் ஆக்ஸைடு. ஷேடோ மாஸ்க் வழியாக 1 மிமீ விட்டமுள்ள அலுமினியப் புள்ளிகள். டங்ஸ்டன் இழையில் ஆவியாக்கியது. ஃபிளாட்பேண்ட் (சிலிக்கானின் ஆற்றல் பட்டைகள் வளையாமல் தட்டையாக இருக்கும் கேட் மின்னழுத்தம்) முதலில் −1.6 வோல்ட். 150 டிகிரியில் அலுமினியப் புள்ளிக்கு (கேட்) +10 வோல்ட் பயஸ் கொடுத்து 10 நிமிடம் வைத்த பிறகு −3.1. ஃபார்மிங் கேஸில் (நைட்ரஜன்-ஹைட்ரஜன் கலவை) 400 டிகிரி அனீல் (சூடாக்கிப் பதப்படுத்தல்) செய்தும் நகர்வு குறையவில்லை. அக்யுமுலேஷனில் (மைனஸ் கேட் பக்கம் ஆக்ஸைடின் முழு மின்தேக்குதிறன் தெரியும் பகுதி) 100 கிலோஹெர்ட்ஸில் 270 பிகோஃபாரட், 1 மெகாஹெர்ட்ஸில் 215 மட்டுமே. இரண்டுக்கும் ஒரே காரணமா?

பதில் 1:
இல்லை, இரண்டு தனித்தனிக் கோளாறு. முதலில் எளிதானது: கணக்குப்படி உங்கள் புள்ளிக்கு 271 வர வேண்டும், 100 கிலோஹெர்ட்ஸில் வந்துவிட்டது. 1 மெகாஹெர்ட்ஸில் குறைவது சுமார் 300 ஓம் தொடர்மின்தடையால். வேஃபரின் பின்புற ஆக்ஸைடு போகவில்லை. முன்பக்கத்தை ரெசிஸ்ட் பூசிக் காத்து, பின்புறத்தை நீர்த்த எச்எஃப்பால் (ஹைட்ரோஃபுளோரிக் அமிலம்) துடையுங்கள். தாமரை இலையில் உருள்வது போல நீர் உருண்டு ஓடினால் ஆக்ஸைடு போய்விட்டது. உடனே அங்கே அலுமினியம் படியவையுங்கள். அவசரத்துக்கு, வைர முனையால் கீறி இண்டியம்-காலியம் தேய்த்தாலும் போதும். எச்எஃப் வேலைக்கு, தோலில் பட்டால் தடவும் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தே ஆக வேண்டும்.

பதில் 2:
நகர்வுக்குக் காரணம் பெரும்பாலும் ஆக்ஸைடில் கலந்த சோடியம் அயனி. பிளஸ் கேட் அயனிகளைச் சிலிக்கான் பக்கம் தள்ளுவதால் வளைவு மைனஸ் பக்கம் போகிறது. எலெக்ட்ரான் பொறியில் சிக்கியிருந்தால் எதிர்த்திசையில் போயிருக்கும். 1.5 வோல்ட் என்றால் சதுர செமீக்கு சுமார் 32,000 கோடி அயனிகள். ஃபார்மிங் கேஸ் இடைமுகப் பொறிகளைத்தான் ஆற்றும், சோடியத்தை வெளியேற்றாது. ஃபேர்சைல்டு செமிகண்டக்டர் நிறுவனத்தில் ஸ்னோ, குரோவ், டீல், சா 1965-இல் காட்டியது இதே நகர்வைத்தான்.

முதல் சந்தேகம் டங்ஸ்டன் இழை மீது, அடுத்தது ஆக்ஸைடு வளர்த்த உலையின் குவார்ட்ஸ் குழாய். ஒரே ஆக்ஸைடு வேஃபரை இரண்டாக வெட்டி, ஒரு பாதிக்கு எலெக்ட்ரான்-பீமில் அலுமினியம் போடுங்கள். அதிலும் நகர்ந்தால் தவறு குழாயிலோ கழுவலிலோ. எலெக்ட்ரான்-பீமின் எக்ஸ்-கதிர் ஆக்ஸைடைக் கெடுக்கும். அந்தப் பாதியை அளப்பதற்கு முன் 400 டிகிரி அனீல் கட்டாயம்.

பதில் 3:
குழாய்தான் என்றால், ஆக்ஸிஜனோடு 2-3 சதவீத எச்சிஎல் வாயு விட்டு 1,100 டிகிரியில் வெற்றுக் குழாயைச் சில மணி நேரம் சுத்தம் செய்யுங்கள். வேஃபருக்கு எஸ்சி-2 கழுவல்: எச்சிஎல், ஹைட்ரஜன் பெராக்ஸைடு, நீர் 1:1:6, 75 டிகிரி, 10 நிமிடம். அதன் பிறகு வெறுங்கை பட்ட இடுக்கியால் எடுத்தால் அத்தனையும் வீண்.

சோதனையில் பலர் தவறுவது ஒரே இடத்தில்: பயஸை எடுத்துவிட்டு ஆறவிடுகிறார்கள். சூட்டில் அயனி திரும்பி நகர்ந்துவிடும், நகர்வு குறைவாகத் தெரியும். +10 வைத்தபடியே அறை வெப்பத்துக்கு இறக்கி அளந்து, பிறகு −10 வைத்து அதே போல மறுபடி அளக்க வேண்டும். பழைய இடத்துக்குத் திரும்பினால்தான் நகரும் அயனி என்று உறுதியாகச் சொல்லலாம். இரண்டு அளவுக்கும் இடையே 0.05 வோல்ட் வந்தால் அயனி சதுர செமீக்கு சுமார் 1,000 கோடி; அந்த ஆக்ஸைடை நம்பி டிரான்சிஸ்டர் செய்யலாம்.