மாஸ்க் போட்டதும் மூச்சு முட்டுகிறது, கரண்டு போனால் பயம்: சிபாப் போடுகிறவர்கள் வழி சொல்லுங்கள்

தாமுவேக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். ரங்கூனில் தாமுவே பக்கம் குடியிருக்கிறேன், வயது 51. குறட்டை பல வருடமாக உண்டு, அதை யாரும் நோயாக நினைக்கவில்லை. போன வருடக் கடைசியில் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்போதே இரண்டு தடவை தூங்கிவிட்டேன். ராத்திரியில் மூச்சு நின்று சத்தமே இல்லாமல் கிடந்து, அப்புறம் திணறிக்கொண்டு புரண்டு படுக்கிறேன் என்று வீட்டில் சொல்லவும்தான் பயம் வந்தது. மைத்துனர் பாங்காக்கில் இருப்பதால் அங்கே போய் ஒரு ராத்திரி படுத்துப் பரிசோதனை செய்தேன். ஏஎச்ஐ 38 என்று வந்தது, அதாவது மணிக்கு 38 தடவை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது. 30க்கு மேல் போனாலே கடுமையானது என்றார் டாக்டர். தூக்கத்தில் தொண்டை அடைக்காமல் இருக்க மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தருகிற ஆட்டோ சிபாப் மெஷினும், மூக்கு வாய் இரண்டையும் மூடுகிற மாஸ்க்கும் வாங்கி வந்து இன்றைக்கு மூன்று வாரம்.

உண்மையைச் சொல்கிறேன், ஒரு ராத்திரி கூட முழுதாகப் போட்டுத் தூங்கவில்லை. மாஸ்க்கை மாட்டிப் படுத்ததும் காற்றே வராத மாதிரி நெஞ்சு தவிக்கிறது, பத்து நிமிடத்தில் பிடுங்கிவிடுகிறேன். எப்படியோ தூங்கிப் போனாலும் இரண்டு மணிக்கு மேல் உதட்டுக்கு மேலே புஸ்ஸென்று காற்று கசிந்து எழுப்பிவிடுகிறது. பட்டையை இறுக்கி இறுக்கி மூக்குத் தண்டில் புண்ணே வந்துவிட்டது. எல்லாவற்றையும் விடப் பெரிய கவலை கரண்டு. எங்கள் தெருவில் கரண்டு எப்போது வரும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. தூக்கத்தில் மெஷின் நின்றால் மூச்சு அடைத்துவிடுமோ என்று வீட்டில் பக்கத்திலேயே விழித்து உட்கார்ந்திருக்கிறாள். மெஷினில் அழுத்தம் 4 முதல் 20 வரை, ராம்ப், அதாவது குறைந்த காற்றில் தொடங்கி மெதுவாக ஏற்றுகிற நேரம், 45 நிமிடம் என்று இருக்கிறது. வாங்கியபடியே இருக்கிறது, நான் எதையும் மாற்றவில்லை. போட்டுப் பழகியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

பெகு அக்கா:
தம்பி, முதலில் உங்கள் வீட்டில் அந்தப் பெண்ணைத் தூங்கச் சொல்லுங்கள். என் வீட்டுக்காரர் ஆறு வருடமாகப் போடுகிறார், நானும் முதல் மாதம் இப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். முழு மாஸ்க்கில் முன்பக்கம் குழாய் சேருகிற இடத்தில் ஒரு சின்ன வால்வு இருக்கும். மெஷினிலிருந்து காற்று வந்துகொண்டிருக்கும்வரை அது மூடியிருக்கும், காற்று நின்றால் தானாகத் திறந்து வெளிக்காற்றை உள்ளே விடும். நம்பிக்கை வர வேண்டுமென்றால் பகலில் அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்து, நீங்கள் மாஸ்க்கை மாட்டி, மெஷின் ஓடும்போது பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். மூச்சு கொஞ்சம் கனமாக இருக்கும், ஆனால் விட முடியும். நான் அப்படிச் செய்து பார்த்த அன்றைக்குத்தான் தூங்கினேன். அந்த வால்வையும் காற்று வெளியே போகிற சின்னத் துளைகளையும் எந்தக் காரணத்துக்காகவும் டேப் போட்டு அடைக்கக் கூடாது. சத்தம் வருகிறது என்று எங்கள் உறவில் ஒருவர் அடைத்து வைத்திருந்தார், நல்ல வேளை நான் பார்த்துவிட்டேன்.

கரண்டுக்கு வருகிறேன். தண்ணீர்த் தொட்டியைச் சூடாக்குவதும் சூடான குழாயும்தான் கரண்டைக் குடிப்பவை. அவை இரண்டையும் நிறுத்திவிட்டால் காற்று தள்ளுகிற மோட்டாருக்கு ஆகிற செலவு ரொம்பக் குறைவு. எங்களிடம் 12 வோல்ட் 100 ஆம்பியர் ஹவர் பேட்டரி ஒன்றும், வீட்டுக் கரண்டு மாதிரியே சீரான அலை தருகிற பியூர் சைன் இன்வெர்ட்டரும் இருக்கிறது. சூடாக்குவதை நிறுத்தி ஓட்டினால் ராத்திரி முழுக்கத் தாங்குகிறது, காலையில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும். ஆனால் அதே பேட்டரியில் ஃபேனும் டிவியும் ஓட்டாதீர்கள். மெஷினுக்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள், கரண்டு வந்த நேரமெல்லாம் சார்ஜில் போடுங்கள்.

இன்னொன்று கேட்க வேண்டும். ராத்திரி குளித்துவிட்டு முகத்தில் தனக்கா, அந்த மரப்பட்டை அரைத்த பூச்சு, பூசுகிற பழக்கம் உண்டா? தலைக்குத் தேங்காய் எண்ணெய்? எங்கள் வீட்டில் இந்த வெயில் காலத்தில் எல்லோரும் பூசிக்கொண்டுதான் படுப்போம், அதனால் மாஸ்க் ரப்பர் வழுக்கி ராத்திரி முழுக்கக் கசிந்தது. இப்போது அவருக்கு மட்டும் படுக்கும் முன் சோப்புப் போட்டு முகம் கழுவல், தனக்கா காலையில்தான். மாஸ்க் ரப்பரையும் தினமும் காலையில் லேசான சோப்பில் கழுவி நிழலில் காய வைப்பேன்.

மோல்மேன் பையன்:
அண்ணா, நான் மோல்மேனில் பிறந்தவன், இப்போது பாங்காக்கில் தூக்கப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். அக்கா சொன்னது எல்லாம் சரி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன், இன்வெர்ட்டர் இல்லாமல் பேட்டரியிலிருந்து நேரே மெஷினுக்கு வயர் இழுக்க வேண்டாம். ரெஸ்மெட் கம்பெனியின் ஏர்சென்ஸ் 10, 11 மெஷின்கள் இரண்டும் 24 வோல்ட்டில் ஓடுபவை, 12 வோல்ட் பேட்டரியில் ஓட்ட அதற்கென்று உள்ள கன்வெர்ட்டர் வேண்டும்.

உங்கள் மூச்சு முட்டலுக்குக் காரணம் பெரும்பாலும் அந்த 4தான். 4 முதல் 20 வரை என்பது மெஷின் போகக்கூடிய முழு எல்லை. யாரும் உங்களுக்கென்று அமைத்துத் தரவில்லை என்று அர்த்தம். பெரிய ஆட்களில் பலருக்கு 4 போதாது, ஸ்ட்ரா வழியாக மூச்சு இழுக்கிற மாதிரி இருக்கும். அதோடு ராம்ப் 45 நிமிடம் என்றால் அந்தக் குறைந்த காற்றிலேயே முக்கால் மணி நேரம் வைத்திருக்கும், நீங்கள் பத்தாவது நிமிடத்தில் கழற்றாமல் என்ன செய்வீர்கள். அப்புறம் தூக்கத்தில் தொண்டை அடைக்கும்போது மெஷின் 4லிருந்து ஏறி ஏறி வர வேண்டியிருக்கிறது, அது போய்ச் சேருவதற்குள் மூச்சு நின்றுவிடுகிறது, பிறகு தேவைக்கு மேல் ஏறி மாஸ்க்கைத் தூக்குகிறது. உங்கள் இரண்டு மணிக் கசிவில் இதற்கும் பங்கு இருக்கலாம்.

மெஷின் பக்கவாட்டில் எஸ்டி கார்டு இருந்தால் கம்ப்யூட்டரில் போட்டு ஆஸ்கார் என்ற இலவச மென்பொருளில் திறந்து பாருங்கள், ராத்திரி முழுக்க அழுத்தம் எங்கே நின்றது, எப்போது கசிந்தது, எப்போது மூச்சு நின்றது எல்லாம் கோடு கோடாகத் தெரியும். 95 சதவீத நேரம் எந்த எண்ணுக்குள் இருந்தது என்று ஒரு கணக்கு வரும், அதையும் கசிவு எண்ணையும் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பி, 'குறைந்தபட்ச அழுத்தத்தை ஏற்றலாமா' என்று நேராகக் கேளுங்கள். நானாக உங்களுக்கு ஓர் எண் சொல்ல மாட்டேன், இதயக் கோளாறோ வேறு எதுவோ இருந்தால் கணக்கே மாறும். மூச்சை வெளியே விடும்போது எதிர்த்துத் தள்ளுகிற மாதிரி இருந்தால் இபிஆர் என்று ஒன்று உண்டு, வெளிமூச்சு நேரத்தில் மட்டும் 1 முதல் 3 வரை அழுத்தத்தைக் குறைத்துத் தரும். அதையும் கேளுங்கள்.

இன்னொரு கேள்வி, மீசை வைத்திருக்கிறீர்களா?

சிரியம் பெரியவர்:
நானும் இந்த மெஷினை வாங்கி இரண்டு மாதம் பட்ட பாடு போதும் என்று விட்டுவிட்டேன். ஒருக்களித்துப் படுக்கிறேன், ராத்திரிச் சாப்பாட்டைக் குறைத்துவிட்டேன், குறட்டையும் குறைந்துவிட்டது. தம்பிக்கும் அதுவே போதும் என்று தோன்றுகிறது.

மோல்மேன் பையன்:
ஐயா, மன்னிக்க வேண்டும், உங்களுக்கு ஏஎச்ஐ எவ்வளவு என்று தெரியாது. 5 முதல் 15 வரை லேசானது, அந்த அளவில் சிலருக்கு ஒருக்களித்துப் படுப்பதும் எடை குறைப்பதும் நிஜமாகவே போதும். அண்ணனுக்கு 38. குறட்டைச் சத்தம் குறைந்தால் மூச்சு நிற்பதும் குறைந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது, மூச்சு நின்ற நேரத்தில் சத்தமே வராது. இரத்த அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு, பக்கவாதம் எல்லாவற்றோடும் இதற்குத் தொடர்பு உண்டு. நீங்களும் பெரியவர், தயவுசெய்து இன்னொரு தடவை பரிசோதனை செய்துகொள்ளுங்கள், விட்டு வைக்காதீர்கள்.

பொதுவாக இன்னொன்று, பழைய மெஷின் விலைக்கு வருகிறது என்று யாராவது சொன்னால் மாடலைப் பார்த்து வாங்குங்கள். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் முதல் தலைமுறை ட்ரீம்ஸ்டேஷன் உட்படப் பல மெஷின்களைத் திரும்பப் பெற்றது. உள்ளே சத்தம் குறைக்க வைத்த நுரைப்பஞ்சு உதிர்ந்து காற்றுக் குழாயில் கலக்கலாம் என்பது காரணம். சூடும் ஈரப்பதமும் அதை இன்னும் மோசமாக்கும் என்றும் சொன்னார்கள். நம் ஊரில் அந்த இரண்டுக்கும் குறைவில்லை.

தாமுவேக்காரன்:
பெரிய மீசைதான் தம்பி, இருபது வயதிலிருந்து வைத்திருக்கிறேன். தனக்காவும் பூசுகிறேன் அக்கா, இது யாரும் கேட்காத கேள்வி!

மோல்மேன் பையன்:
அப்படியானால் கசிவுக்குப் பதில் கிடைத்துவிட்டது. உதட்டுக்கு மேலே ரப்பர் மீசை மேல் உட்கார்ந்தால் எவ்வளவு இறுக்கினாலும் காற்று வழி கண்டுபிடித்துக்கொள்ளும். மீசையை எடுக்கச் சொல்ல மாட்டேன். மூக்குத் துளைக்குள் லேசாகப் பொருந்துகிற பில்லோ வகை மாஸ்க் இருக்கிறது, மீசைக்காரர்கள் பலருக்கு அதுதான் ஒத்துப்போகிறது, மூக்குத் தண்டில் படாததால் புண்ணும் ஆறும். ஆனால் தூக்கத்தில் வாய் திறந்தால் காற்று வாய் வழியாகப் போய்விடும், மூக்கடைப்பு உள்ளவர்களுக்கும் சரிவராது. படுக்கும் முன் உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவிப் பாருங்கள், கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர்தான், குழாய்த் தண்ணீர் கூடாது.

மாஸ்க் எதுவாக இருந்தாலும் உட்கார்ந்துகொண்டு பட்டையைச் சரி செய்யாதீர்கள், மல்லாந்து படுத்து மெஷின் ஓடும்போதுதான் சரி செய்ய வேண்டும். படுத்ததும் கன்னம் இடம் மாறும். முதலில் எல்லாப் பட்டையையும் தளர்த்தி, மாஸ்க்கை முகத்திலிருந்து கொஞ்சம் இழுத்து ரப்பரில் காற்று நிரம்பவிட்டு மெதுவாக வையுங்கள், பிறகு தேவைக்கு மட்டும் இறுக்குங்கள். பயம் போக, சாயங்காலம் டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் போட்டுக்கொண்டு உட்காருங்கள், தூங்க முயற்சி செய்யாமல்.

தாமுவேக்காரன்:
பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். டாக்டருக்கு படம் அனுப்பினேன், 95 சதவீதம் 10.8 என்று இருந்தது. குறைந்தபட்சத்தை 7 ஆக்கி மேலே 14 போதும் என்றார், ராம்ப் 10 நிமிடம், இபிஆர் 2. அன்றைக்கு ராத்திரியே வித்தியாசம் தெரிந்தது, மூச்சு தவிக்கவில்லை. பில்லோ மாஸ்க்கை மைத்துனர் ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்து அனுப்பினார், மூன்று அளவில் ரப்பர் இருந்தது, நடு அளவு சரியாக இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தோம் அக்கா, வீட்டில் இப்போது தூங்குகிறாள். நேற்று ஐந்தரை மணி நேரம் போட்டிருந்தேன், ஏஎச்ஐ 4.1. கடையில் மத்தியானம் கண் சொக்கவில்லை.

இப்போது ஒன்றுதான். காலையில் வயிறு உப்பி ஏப்பமாக வருகிறது, காற்றை விழுங்குகிறேன் போலிருக்கிறது. யாருக்காவது இப்படி இருந்ததா?

பெகு அக்கா:
இவருக்கும் இருந்தது தம்பி. தலைப்பக்கம் கட்டில் காலுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தினோம், ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்கு முன்னால் முடித்துவிடுவார், ஒரு மாதத்தில் குறைந்துவிட்டது. குறையாவிட்டால் மேல் அழுத்தத்தைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.