எலியிடம் இருக்கும் ரியூட்டெரியும் நம்மிடம் இருப்பதும் ஒன்றுதானா?

கேள்வி: முதுநிலை மாணவி
அனைவருக்கும் வணக்கம். லாக்டோபசில்லஸ் ரியூட்டெரி என்னும் நன்மை செய்யும் பாக்டீரியா மனிதர், எலி, பன்றி, கோழி ஆகிய எல்லா உயிர்களின் குடலிலும் வாழ்வதாகப் படித்தேன். எலியிடமிருந்து பிரித்த திரிபு (ஒரே இனத்துக்குள் உள்ள தனி வகை) ஒன்றை மனிதருக்குக் கொடுத்தால் அதே நன்மை கிடைக்குமா? அல்லது ஒவ்வொரு விலங்குக்கும் ஏற்ப அது மாறிவிட்டதா? மாறியிருந்தால் மரபணுத்தொகுதியில் அதற்குத் தடயம் உண்டா?

பதில் 1: ஆய்வக உதவியாளர்
தடயம் உண்டு. 2010இல் வெளியான ஓர் ஆய்வு, பல நாடுகளில் திரட்டிய 165 திரிபுகளை ஒப்பிட்டது. அவை எடுக்கப்பட்ட ஊரின்படி அல்லாமல், எடுக்கப்பட்ட விலங்கின்படியே கிளை பிரிந்து நின்றன. சுண்டெலியின் இரைப்பையை அறுத்து விரித்துப் பார்த்தவர்களுக்குக் காரணம் எளிதில் விளங்கும். அதன் முன்பாதி வெளுத்து, மெல்லிய தோல்போல் இருக்கும். பின்பாதி தடித்துச் சிவந்திருக்கும். சுரப்பிகள் இல்லாத அந்த முன்பாதியில்தான் ரியூட்டெரி அடுக்கடுக்காக ஒட்டிப் படலம் கட்டுகிறது. ஒட்டும் புரதங்களை வெளியே அனுப்பும் செக்-ஏ2 என்ற சுரப்புவழியும், யூரியாவை அம்மோனியாவாக உடைத்து அமிலத்தைத் தாங்க உதவும் யூரியேஸ் மரபணுக்களும் எலித் திரிபுகளின் அடையாளங்கள். நுண்ணுயிர் எதுவுமின்றி வளர்த்த சுண்டெலிகளுக்குள் செலுத்திப் பார்த்தபோது, எலித் திரிபுகள் மட்டுமே படலம் கட்டின. நம் இரைப்பையில் அப்படியொரு முன்பாதியே கிடையாது.

மனிதத் திரிபுகளோ, கிளிசராலிலிருந்து ரியூட்டெரின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியை ஆக்கும் மரபணுக்களையும், அவ்வினைக்குத் தேவையான வைட்டமின் பி12ஐத் தயாரிக்கும் மரபணுக்களையும் ஒரே தொகுப்பாக வைத்திருக்கின்றன. பெரும்பாலான எலித் திரிபுகளில் அத்தொகுப்பு இல்லை. ஆகவே, எலிக்குக் கிடைத்த நன்மை நமக்கும் கிடைக்கும் என்று சோதிக்காமல் எடுத்துக்கொள்ள முடியாது.

பதில் 2: பரிணாம ஆர்வலர்
மேலே சொன்னவை சரி. ஆனால் ஓம்புயிருக்கு, அதாவது பாக்டீரியா குடியிருக்கும் விலங்குக்கு, ஏற்பத் தகவமைவது வேறு, ஓம்புயிரோடு சேர்ந்தே இனம் பிரிவது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பின்னதற்கான சான்று 2016இல் வந்தது. மனிதர், சிம்பன்சி, போனபோ, கொரில்லா ஆகியோரின் குடல் பாக்டீரியாக்களில் ஜைர்-பி என்ற மரபணுவை ஒப்பிட்டபோது, பாக்டீராய்டு, பிஃபிடோ குடும்பங்களின் சில கிளைகள் ஓம்புயிர்களின் வம்சமரத்தை அப்படியே பின்பற்றின; லாக்னோஸ்பைரா குடும்பம் பின்பற்றவில்லை.

பிஃபிடோ குடும்பத்தைச் சேர்ந்த, சேயின் குடலில் வாழும் பிஃபிடோ இன்ஃபான்டிஸ் எனக்கு மிகவும் வியப்பூட்டுவது. தாய்ப்பாலில் குழந்தையால் செரிக்க முடியாத கூட்டுச் சர்க்கரைகள் ஏராளம். அவற்றை உள்ளிழுத்து உடைப்பதற்கென்றே ஏறத்தாழ 43,000 கார இணைகள் (டிஎன்ஏ இழையின் எழுத்து இணைகள்) நீளமுள்ள மரபணுத் தொகுப்பு இதனிடம் இருப்பதை, 2008இல் வெளியான அதன் மரபணுத்தொகுதி காட்டியது. சேயின் குடலில் வாழும் பாக்டீரியாவுக்கும் தாய் உணவூட்டுகிறாள்.

மாணவி:
இருவருக்கும் மிக்க நன்றி. எங்கள் ஆய்வகத்தில் இருப்பது 100-23 என்ற ரியூட்டெரி திரிபு. குறிப்பேட்டில் வெறுமனே ரியூட்டெரி என்றுதான் எழுதிவந்தேன்.

பதில் 1: ஆய்வக உதவியாளர்
அது எலியிடமிருந்து எடுத்தது. டிஎஸ்எம் 20016 என்ற ரியூட்டெரி திரிபு மனிதக் குடலிலிருந்து எடுத்தது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்து, யூரியா கலந்த ஊடகத்தில் வளர்த்துப் பாருங்கள்.