'ஸ்பான் ஆஃப் கன்ட்ரோல்': தமிழில் என்ன?

நண்பர்களுக்கு வணக்கம்.

பி.காம். மேலாண்மைப் பாடக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு மேலாளருக்கு நேர்கீழே எத்தனை பேர் வேலை செய்யலாம் என்பதுதான் 'ஸ்பான் ஆஃப் கன்ட்ரோல்'. இப்போது வழங்கும் 'கட்டுப்பாட்டு வீச்சு' என்றால் பீரங்கி ஞாபகம் வருகிறதாம் பிள்ளைகளுக்கு. வேறு சொல் தாருங்கள்.
செ.

அம்மா, ஸ்பான் என்றால் சாண்தானே? கட்டைவிரல் நுனி முதல் சுண்டுவிரல் நுனி வரை. 'ஆட்சிச்சாண்' என்று வையுங்கள். 'எறும்பும் தன் கையால் எண் சாண்' என்றார் ஔவை. அவரவர் கைக்கு அவரவர் சாண், மேலாளருக்கும் அப்படியே. சாண் என்ற சொல்லின் வேரைப் பார்த்தால்...
வே.

வேர் ஆராய்ச்சியை அப்புறம் வைத்துக்கொள்வோம், வே. ஐயா. இது நீள அளவை இல்லை, தலைக்கணக்கு. தலைக்கணக்கு மட்டும்கூட இல்லை. மேலாண்மை அறிஞர் கிரைகுனாஸ் 1933-இல் போட்ட கணக்கைப் பாருங்கள். கீழே 4 பேர் என்றால் மேலாளர் கவனிக்க வேண்டிய உறவுகள், அவரோடு தனித்தனியாகவும் கூட்டாகவும் அவர்களுக்குள்ளும் சேர்த்து, 44. ஐந்து பேர் என்றால் 100, ஆறு பேர் என்றால் 222. ஆள் ஒன்று கூடினால் தலைவலி இரண்டு மடங்குக்கு மேல். அப்புறம், 'ஆட்சிச்சாண்' என்றால் கடைசி பெஞ்சு 'சாண் ஏறினால் முழம் சறுக்கும்' என்று ஆரம்பிக்கும்.
இரா.

'கங்காண வரம்பு'? கண்ணும் காணலும் சேர்ந்த நல்ல பழைய சொல்.
மு.

மு. அண்ணா, வேண்டாம். எங்கள் இலங்கை மலையகத் தோட்டங்களில் தொழிலாளரை மேற்பார்க்கும் பெரிய கங்காணி, அவருக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள் என்று அடுக்கு இருந்தது. ஆள் கூட்டி வந்தவரே கடன் கணக்கும் வைத்திருப்பார். கடன் எழுதிய துண்டுச் சீட்டு தீராமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. அந்தத் துண்டு முறை 1921-இல்தான் ஒழிந்தது. இந்தச் சொல்லை முகாமைத்துவப் பாடத்தில் போட எனக்கு மனம் வராது. (ஆமாம், மேலாண்மையை நாங்கள் முகாமைத்துவம்தான் என்போம். அந்தச் சண்டையை இன்னொரு நாள் பிடிப்போம்.)
த.

சரி, 'மேற்பார்வை எண்ணிக்கை' என்று போட்டுவிடுகிறேன். இரா., த. இருவருக்கும் சம்மதம். மு. ஐயா பதில் சொல்லவில்லை, மௌனம் சம்மதம்.
செ.

எனக்குச் சம்மதமில்லை. அடுத்த பக்கத்திலேயே அதிகார அடுக்கு குறைந்த தட்டையான நிறுவனம், அடுக்கு மிகுந்த உயரமான நிறுவனம் என்று வரும். அங்கே அகன்ற ஸ்பான், குறுகிய ஸ்பான் என்று எழுத வேண்டுமே. 'அகன்ற எண்ணிக்கை' என்று எழுதுவீர்களா? சாண் வேண்டாமென்றால் பழைய வீச்சையே வைத்துக்கொள்ளுங்கள், பீரங்கி சுட்டால் சுடட்டும்.
வே.