புதுப்பிப்பு: 'பசுமை' கடனட்டை தேடின கதை

போன மாதம் கேட்டிருந்தன்: சூழலைக் கெடுக்கிற தொழிலுக்குக் காசு குடுக்காத வங்கியின்ர கடனட்டை எது எண்டு. கனபேர் மீள்சுழற்சி பிளாஸ்டிக் அட்டை எடுக்கச் சொன்னியள். நன்றி. ஆனா ஒரு அட்டை ஐஞ்சு கிராம் அளவுதான். நல்லூர்த் திருவிழாவில ஒரு நாளில அதைவிடக் கூடப் பிளாஸ்டிக்கை எறிஞ்சுபோட்டு வாறம். வங்கி ஆருக்குக் கடன் குடுக்குது எண்டதுதான் விசயம். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில மின்நிலையக் கழிவெண்ணெய் கிணத்துத் தண்ணியில மிதந்ததைப் பாத்த ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ரெண்டு வங்கிக்குப் போனன். முதல் இடத்தில ஒரு தம்பி பச்சை இலை போட்ட கையேட்டை நீட்டி, "அண்ணை, மின்னஞ்சல்ல கணக்கறிக்கை எடுங்கோ, கடதாசி மிச்சம்" எண்டார்.

"நிலக்கரிக்குக் கடன் குடுக்கிறியளோ?"

கையேட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தார், பாவம்.

மற்ற இடத்தில ஒரு அக்கா ஆண்டறிக்கையைத் திறந்து, எந்தத் துறைக்கு எவ்வளவு கடன் போனது எண்ட அட்டவணையைக் காட்டினா. எது பசுமைக் கடன் எண்டதுக்கு இலங்கை மத்திய வங்கி 2022 இல ஒரு வகைப்பாடு வெளியிட்டிருக்கு, அதை வைச்சு எந்த வங்கியையும் கேக்கலாம் எண்டும் சொன்னா.

கடைசியில புது அட்டை எடுக்கேல்லை. பழசு காலாவதியாகுமட்டும் கிடக்கட்டும். நிலையான வைப்பைத்தான் அந்த அக்கான்ர வங்கிக்கு மாத்தினன். அவை கடன் குடுக்கிறது எங்கட வைப்புக் காசிலதானே. வட்டி கொஞ்சம் குறைவு. மனிசிக்கு இன்னும் சொல்லேல்லை.